கதை எழுதுவோரும் கற்க வேண்டிய ஏடுகளும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



அரசியல் மேடையிலேயே நின்று பழகிப்போன நம்மை இன்று இலக்கிய மேடையில் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். உரிமை, அதிகாரம், அரசியலமைப்பு என்று பேசுவோம் என எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். தோட்டத்துக்கு நீரிறைத்துவிட்டு, கால் கழுவிய ஈரம் உலருமுன்னே வந்து பாயில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியவர்களையும், ஆசிரியர்களையும், வைத்தியர்களையும், கச்சேரி உத்தியோகத்தர்களையும் இங்கே ஒரே கொட்டகையின் கீழ்க் காண்கின்றோம். இத்தகைய சபைக்கு ஏற்ற பொருள் யாது என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு வந்த ஓர் இளைஞரே விடை தந்தார்.

அவர் இவ்வூரவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இங்கேதான் இருக்கிறார். முகம் சிவப்பதைப் பார்த்து நீங்களே கண்டுகொண்டால் அதற்கு நாம் பொறுப்பாளிகளல்லோம். காணி உறுதி முடிக்க வந்தவர்களும் வேலிச் சண்டை வழக்குக்காரர்களும் நிறைந்திருந்த வாங்கிலே இரண்டு மணி நேரம் காத்திருந்து, நான்கு அப்பியாசக் கொப்பிகளை நம் மேசைமீது வைத்தார். நாவல் ஒன்று எழுதியிருக்கிறார். கடன்பட்ட கமக்காரன் ஒருவன் தன் காணியை இழக்கும் கதை. இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தோம்.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வதே நீதி. விடியற்காலையில் இறைப்பு இயந்திரம் நின்றதும் தோட்டவெளியிற் கவிகின்ற அமைதியை அவர் எழுதியிருக்கும் இடம் ஒன்றுண்டு. அதனை வாசித்தபோது நம் தகப்பனாரின் தோட்டத்து வரம்பிலே மீண்டும் நின்றோம். அவ்வளவு உண்மை. ஆனால், கடன் கொடுக்கும் மனிதர் கதையில் நுழைந்ததும் அந்த உண்மை ஓடிவிடுகிறது. அவர் முதற் பக்கத்திலேயே பொல்லாதவர். அவருக்கு மனைவியில்லை, மக்களில்லை, ஒரு பல்வலிகூட இல்லை. கமக்காரனோ வாய்திறந்தால் நம்மைப் போலப் பேசுகிறான்! நமது கூட்டங்களில் நாம் முழங்கும் வாக்கியங்களை, அப்படியே, மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே நின்று தன் மனைவிக்குச் சொல்கிறான். எந்த மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள்.

"தம்பி, நீர் என்னென்ன நூல்கள் வாசித்திருக்கிறீர்?" என்று வினவினோம். அவர் சிறிதும் தயங்காமல், சற்றுப் பெருமிதத்துடனேயே, "அதிகம் வாசிக்கிறதில்லை ஐயா. பிறர் எழுதியதை வாசித்தால் என் சொந்த நடை கெட்டுவிடும். நான் கண்டதை நான் எழுதுகிறேன், அது போதும்" என்றார்.

நகைக்க வேண்டாம். இந்த அச்சம் இழிவானதன்று. தன் குரல் தனக்கே உரியதாக இருக்க வேண்டும் என்னும் விருப்பத்திற் பிறந்தது. ஒரு சிறு மக்கட் கூட்டத்தினராகிய நாம், பெரிய மொழிகளின் நிழலிலே நம் குரல் அடங்கிவிடுமோ என்று நாளும் அஞ்சுகிறவர்கள். ஆயினும் அவ்வச்சம் தவறான இடத்திற் போய்ப் படிந்திருக்கிறது. வாசியாதவனுடைய நடை சொந்த நடையாக இருப்பதில்லை. செய்தித்தாளின் நடையும் சினிமாவின் நடையும் மேடைப் பேச்சின் நடையும் அவன் அறியாமலே அவனுள் வந்து குடியேறிவிடுகின்றன. அந்தக் கமக்காரன் வாயில் நம் சொற்பொழிவு எப்படிப் புகுந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இக்குற்றத்திலே நமக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன், நம்மோடு இயக்கப் பணியில் இருந்த ஓர் இளைஞர் ருஷ்யச் சிறுகதைகளை எந்நேரமும் வாசித்துக்கொண்டிருப்பார். தாமும் எழுதுவார். ஊர்வலத்துக்குச் சுவரொட்டி ஆயத்தமாகவில்லை என்ற கோபத்திலே, "இதெல்லாம் ஆறுதலாக இருக்கிறவர்கள் செய்யும் வேலை, நமக்குத் துண்டுப்பிரசுரம் எழுதத்தான் ஆள் வேண்டும்" என்று பலர் முன்னிலையிற் சொல்லிவிட்டோம். அவர் அதன்பின் கதை எழுதவில்லை. மிக நல்ல துண்டுப்பிரசுரங்கள் எழுதினார்.

இனி, பிறர் நூலை வாசித்தால் சொந்தக் குரல் கெடுமா என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என்று சம்பந்தன், வைத்திலிங்கம், இலங்கையர்கோன் ஆகிய மூவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மூவருள் இலங்கையர்கோன் அரசாங்கத்திற் காரியாதிகாரியாகப் பணிபுரிந்தவர், 1961இல் மறைந்தார். ருஷ்ய ஆசிரியர் துர்க்கனேவின் நெடுங்கதையொன்றை 'முதற் காதல்' என்று தமிழாக்கியவரும் அவரே. துர்க்கனேவிலே தோய்ந்த அந்த மனிதர் எழுதிய 'வெள்ளிப் பாதசரம்' கதையை எடுத்துப் பாருங்கள். வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் புதுமணத் தம்பதிகள் போகிறார்கள். மனைவியின் பாதசரமொன்று தொலைந்துபோகிறது. கணவன் கடிந்துகொள்கிறான். வண்டியில் வீடு திரும்புகிறார்கள். அவ்வளவே. ருஷ்ய நாட்டுப் பனியில் ஒரு துளியேனும் அதில் உண்டா? அது முற்றும் வடமராட்சி மணல். ஆனால், இவ்வளவு சிறிய சம்பவமும் ஒரு கதையாகத் தகும், கொலையும் சூழ்ச்சியும் அதற்கு வேண்டியதில்லை என்னும் துணிவு எங்கிருந்து வந்திருக்கும்? நம் பாட்டியர் சொன்ன கதைகளில் அது இல்லை. வாசித்ததிலிருந்து வந்தது என்றே நாம் கருதுகின்றோம். அவர் கடனாகப் பெற்றது துணிவு, பாதசரம் நம்முடையது.

நமது தொழிலிலிருந்து ஒன்று சொல்ல இடந்தருக. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிணற்று வழக்கிலே தோற்றுப்போனோம். நம் கட்சிக்காரருடைய உறுதியை ஐந்து முறை வாசித்திருந்தோம். எல்லைகள் மனப்பாடம். எதிராளியின் பழைய உறுதியை மட்டும் ஊன்றி வாசிக்கவில்லை. அதிலே, இரண்டு தலைமுறைக்கு முன் சகோதரர்கள் காணியைப் பிரித்தபோது, கிணற்றிற் பங்கும், துலாவும், போக்குவரத்துப் பாதையும், வாய்க்காலும் இன்ன இன்னாருக்கு உரியன என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வழக்குத் தோற்ற கவலை சில நாளில் ஆறிவிட்டது. ஆனால், இரண்டு சகோதரர்கள் நிலத்தைப் பிரித்தார்கள், நீரைப் பிரிக்க முடியாமல் ஒரே கிணற்றடியிலே காலமெல்லாம் முகம் பார்க்க வேண்டியதாயிற்று என்று அந்த உறுதி சொன்ன கதை இன்னும் ஆறவில்லை. எதிர்த்தரப்பின் ஏட்டை வாசியாத நியாயவாதி எப்படித் தோற்பானோ, அப்படியே ஒரு தரப்பின் ஏட்டை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிற கதாசிரியனும் தோற்பான். கடன் கொடுத்தவர் இரவில் எதை எண்ணிக்கொண்டு படுக்கிறார் என்பதை அறியாதவனுக்குக் கடன்பட்டவனுடைய துயரமும் முழுதாக அகப்படாது.

பரந்த வாசிப்பு என்றால் ஆயிரம் நாவல்களை வாசித்துத் தள்ளுவது என்று யாரும் கருதிவிடலாகாது. நாம் சொல்வது வேறு. ஒன்றோடொன்று எவ்விதத் தொடர்பும் இல்லாத இரண்டு ஏடுகள் ஒரே தலைக்குள் சந்திக்கின்றபோதுதான் புதிய கதை பிறக்கின்றது. இதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டுண்டு. அதனைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில் அது ஒரு நீதிமன்றத்தின் கதை, ஒரு கமக்காரனின் கதையும் கூட.

1904ஆம் ஆண்டு இறுதியிலே, இருபத்துநான்கு வயது நிரம்பிய ஓர் ஆங்கிலேய இளைஞர் குடியியற் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தார். லெனாட் வுல்ப் என்பது அவர் பெயர். அவர் கொண்டுவந்த பொருள்களுள் ஒரு நாயும், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டயருடைய நூற்றொகுதிகள் தொண்ணூறும் இருந்தன. முதலில் அவர் பணிபுரிந்தது நமது யாழ்ப்பாணக் கச்சேரியில். இங்கே அவருக்கும் நம் முன்னோருக்கும் நல்லுறவு நிலவியதென்று சொல்ல முடியாது. குதிரைச் சாட்டையால் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் முகத்தில் அடித்துவிட்டார் என்று முறைப்பாடே எழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என அவர் மறுத்தார். அவ்வழக்கை இன்று மறுவிசாரணை செய்ய நாம் வரவில்லை. பின்பு கண்டிக்கும், 1908இல் அம்பாந்தோட்டைக்கும் உதவி அரசாங்க அதிபராக மாற்றப்பட்டார். 1911 வரை அங்கே நிர்வாகியும் அவரே, நீதவானும் அவரே. சேனைப் பயிருக்கு அனுமதி கேட்கும் மனுக்கள், மாட்டு நோய் அறிக்கைகள், உப்பளக் கணக்குகள், திருட்டு வழக்குகள் எல்லாவற்றையும் வாசித்தார். மக்களுடைய மொழியையும் கற்றார். உத்தியோகத்தை விட்டபின், 1913இல், 'காட்டிலே ஒரு கிராமம்' என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலத்திலே ஒரு நாவல் வெளியிட்டார்.

அதிலே வெள்ளைக்காரக் கதாநாயகன் இல்லை. வரண்ட காட்டின் நடுவே சேனை செய்து வாழும் சிலிந்து என்னும் ஏழை, அவனுடைய இரு பெண்மக்கள், மருமகன் பாபுன் ஆகியோரே கதை. ஊர்த் தலைமைக்காரனின் பகையைத் தேடிக்கொண்டால் சேனைக்கு அனுமதிச் சீட்டுக் கிடையாது, சீட்டில்லையேல் பயிரில்லை, பயிரில்லையேல் கடன், கடன் வந்தால் கடைக்காரன் வருகிறான், அவன் கண் பெண்மீது விழுகிறது. பெண் இணங்க மறுக்கவே, குறுக்கே நிற்கும் பாபுன்மீது பொய்யாகத் திருட்டு வழக்குத் தொடுக்கப்படுகிறது. எங்கும் சட்டம் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டத்தின் படிகளிலே ஒவ்வொன்றாக ஏறித்தான் அநீதி உச்சிக்குப் போகிறது.

வழக்கு விசாரணைக் கட்டத்தை நம் தொழிலுக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் வாசிக்க வேண்டும். நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவன் காட்டிலிருந்து வந்தவன். மொழிபெயர்ப்பாளர் நடுவே நின்று இருபுறமும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். கேட்கப்படுவது இன்னதென்றே அவனுக்கு விளங்கவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உனக்கு உரிமையுண்டு என்று சொல்லப்படும்போது அவன் திகைத்து நிற்கிறான். நீதிபதி கொடியவரல்லர். இவ்வழக்கின் பின்னால் வேறேதோ இருக்கிறது என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுகிறது. ஆயினும் முன்வைக்கப்பட்ட சான்றின்படியே தீர்க்க வேண்டியவர், தீர்த்துவிடுகிறார். பாபுன் சிறைக்குப் போகிறான், அங்கேயே இறக்கிறான். சிலிந்து துப்பாக்கியை எடுக்கிறான். கடைசியில் ஊரே அழிந்து, காடு வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறது.

அந்த நீதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்தவரே அந்நாவலை எழுதினார் என்பதுதான் வியப்பு. இதை அவருக்குச் சாத்தியமாக்கியது எது? அனுபவம் என்பீர்கள். அம்பாந்தோட்டையில் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ அதிபர்கள் இருந்தனர். அதே மனுக்களை வாசித்தனர். ஓய்வூதியம் பெற்றுக் கப்பலேறினர். அப்படியானால் நூற்கல்வியா? நூலடுக்கு நிறையப் புத்தகம் வைத்திருந்த துரைமாரும் குறைவில்லை. நமது ஊகத்தைச் சொல்கின்றோம். வோல்ட்டயர் வெறும் எழுத்தாளரல்லர். 1762இல் துலூஸ் நகரிலே ஷான் கலா என்னும் வணிகர், தன் மகனைத் தானே கொன்றார் என்ற பொய்க்குற்றத்துக்காகச் சக்கரத்திற் கட்டி வதைத்துக் கொல்லப்பட்டார். மத வெறுப்பே அத்தீர்ப்பின் அடியில் இருந்தது. அதற்கெதிராக வோல்ட்டயர் எழுதினார், மனுச் செய்தார், பிரபுக்களை நெருக்கினார். 1765இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு இறந்தவர் நிரபராதியென்று விளம்பப்பட்டது. ஒழுங்காக நடந்த விசாரணையும் கொலையாக முடியலாம் என்ற அறிவை ஒரு கையிலும், சேனைக்காரனின் மனுவை மறு கையிலும் வைத்திருந்தவருக்கே தன் ஆசனத்தைத் தானே ஐயுறும் கண் வாய்த்திருக்கும்.

இவ்விடத்திலே அரசியல் பேசாமல் இருக்க முடியவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டமும் நமக்கு இழைத்த தீங்கை நாம் அறிவோம்; அவற்றை எதிர்த்து நின்றோம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலமே தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. விளங்காத மொழியில் விசாரிக்கப்படுபவனின் திகைப்பை எழுத நம்மைவிடத் தகுதியுடையார் யார் என்று கேட்கலாம். ஆயினும் அத்திகைப்பின் மிகச் சிறந்த சித்திரம் ஒரு சிங்களச் சேனைக்காரனைப் பற்றியது. எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். ஆங்கிலம் கோலோச்சிய அந்நாளில், அந்த மொழி விளங்காமையினால் நம் தொழில் தழைத்தது, நம் வீடுகள் உயர்ந்தன என்பதையும் அந்நூலை வாசிக்கும்போது நாம் உணர நேர்கின்றது. சுகமான உணர்வன்று. ஆனால் கதாசிரியனுக்கு வேண்டியது அதுதான்.

இப்பொழுது நமது இளைஞரின் கொப்பிகளுக்குத் திரும்புவோம். அவர் கதையிலே, கமக்காரன் காணியை ஈடு வைக்கிறான். மறு வாரமே கடன் கொடுத்தவர் ஆட்களுடன் வந்து மிளகாய்ப்பழம் பறிக்கிறார். இங்கே இருக்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஈட்டுக்கும் ஒற்றிக்கும் உள்ள வேற்றுமை அவர்களுக்குத் தெரியும். ஈட்டிலே காணி உடையவன் கையிலேயே இருக்கும், வட்டி ஏறும். ஒற்றியிலே காணி கைமாறும், விளைவே வட்டியாகும், முதலைத் திருப்பிக் கொடுத்தால் மீட்கலாம். இது வெறும் சட்டப் பிழையென்று எண்ண வேண்டாம். இவை இரண்டு வெவ்வேறு நாவல்கள்! ஈடு வைத்தவன் தன் நிலத்தில் தானே பாடுபடுகிறான். கண்ணுக்குத் தெரியாமல் இரவிலும் வட்டி வளர்கிறது. அவன் பகைவன் ஒரு கணக்கு. ஒற்றி வைத்தவனோ தன் பாட்டன் வெட்டிய கிணற்றில் பிறனொருவன் நீரிறைப்பதை வேலிக்கு அப்பால் நின்று ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறான். அவன் பகைவனுக்கு முகமுண்டு. எது தம் கதை என்பதை எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டாமா?

அதற்காக அவர் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. 'தேசவழமை' என்னும் சிறு தொகுப்பை வாசித்தாற் போதும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நம்மவரின் வழமைகளைத் தொகுத்தெழுதினார். பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புதல் அளித்தனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலிமை அளித்தனர். முதுசொம், சீதனம், தேடிய தேட்டம், தத்தெடுத்தல், ஒற்றி, அடகு, கடன், மாடு, நெல் எல்லாம் அதிலுண்டு. ஒற்றிக் காணியை எப்பொழுது மீட்கலாம் என்பதுகூட அதில் நின்ற பயிரைப் பொறுத்து வேறுபடுகிறது. பயிரும் மரமுமே அங்கே நாட்காட்டி. காணி விற்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள். வீட்டிலே சைவனாகவும் கோயிலிலே கிறித்தவனாகவும் இருக்க வேண்டியிருந்த ஒரு கமக்காரன், தன் காணி விலைப்படும் செய்தி ஊரறிய மூன்று முறை உரத்து வாசிக்கப்படுவதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். இதனை நம்மவர் யாரேனும் கதையாக்கியிருக்கிறார்களா? நாம் கண்டதில்லை.

அதே தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. மனிதரை முதுசொமாகவும் சீதனமாகவும் எழுதிக்கொடுத்த பகுதி. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல்தான். நம் பழம்பெருமையைக் கதையாக எழுத விழைவோர் அப்பகுதியைத் தாண்டிப் போகாமல் வாசிக்கட்டும்.

கடன் கொடுத்தவரை மனிதராக எழுதுவதற்கு மற்றொரு நூல் வேண்டும். பிரான்சு தேசத்துப் பல்சாக், இளமையிலே நியாயவாதி ஒருவரிடமும் நொத்தாரிசு ஒருவரிடமும் எழுதுவினைஞராக இருந்தவர், வாழ்நாளெல்லாம் கடனாளி. 1830இல் அவர் எழுதிய 'கோப்செக்' ஒரு வட்டிக்காரனின் கதை. அதைச் சொல்பவர் ஒரு நியாயவாதி. அந்த வட்டிக்காரன் நல்லவனல்லன். ஆனால் அவன் வாயைத் திறந்தால் நாம் கேட்கிறோம், ஏனெனில் மனிதர் பணத்துக்காக எதையெல்லாம் செய்வார் என்பதை அவன் அறிந்திருக்கிறான். தேசவழமையையும் கோப்செக்கையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு நம் தம்பி தம் நான்கு கொப்பிகளையும் மீண்டும் திறக்கட்டும். இறைப்பு இயந்திரம் நின்ற அமைதியை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் பெறவில்லை. அதனை எந்தப் புத்தகமும் அவரிடமிருந்து பறிக்கவும் மாட்டாது.

சிங்கள எழுத்தை வாசிக்கச் சொன்னால் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர். மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. அயலானின் கதையை அறியாதிருப்பது வேறு. கொக்கலை என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்த மாட்டின் விக்கிரமசிங்க பெரிய படிப்புப் படித்தவரல்லர். ருஷ்ய நாவல்களையும் பௌத்த ஜாதகக் கதைகளையும் டார்வினையும் தாமாகவே வாசித்தார். 1944இல் அவர் வெளியிட்ட 'கம்பெரலிய' தமிழிலும் 'கிராமப் பிறழ்வு' என்று வந்திருக்கிறது. குலப்பெருமை ஒன்றே எஞ்சிய ஒரு பழைய வீடு. அந்தஸ்துப் போதாதென்று மறுக்கப்பட்ட இளைஞன் பணத்தோடு திரும்பி வருகிறான். நம் ஒவ்வோர் ஊரிலும் கூரை சரிந்த நாற்சார் வீடு ஒன்று நிற்கிறதல்லவா? அதன் கதையை அவர் தென்கரையில் நின்று எழுதிவிட்டார்.

வாசிப்பதற்கு வசதி வேண்டுமே என்பீர்கள். டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். யாழ்ப்பாண நகரிலே முடிதிருத்தும் நிலையத்திலே தொழில் செய்துகொண்டே வாசித்தார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் 'மல்லிகை' என்னும் மாத இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவரையும், 1972இல் 'பஞ்சமர்' வெளியிட்ட டானியலையும் நினைக்குந்தோறும் ஒரு கேள்வி நம்மைச் சுடுகின்றது. அவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் எல்லாரையும் உள்ளே விடாத வாசிகசாலைகள் நம் ஊர்களில் இருந்தன. நம் பெரியவர்கள் சிலர் அவற்றின் தலைவர்களாகவும் இருந்தனர். கதவடைத்து வைத்தவர்களின் பிள்ளைகளைவிட, வெளியே நின்றவர்கள் அதிகம் வாசித்தார்கள்.

எரிக்கப்பட்ட நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு முற்றுப்பெறாது. 1934இல் ஒரு வாடகை அறையில் தொடங்கி, 1959இல் தன் பெருங்கட்டடத்திற் குடிபுகுந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்று சொல்கிறோம். எண்ணைச் சொல்லிச் சொல்லி நம் நா மரத்துவிட்டது. அந்த எண்ணுக்குள் எவை இருந்தன? அச்சாகி வந்த பெருநூல்களுக்கு வேறிடத்திற் படி கிடைக்கலாம். வேறெங்கும் படியில்லாத கையெழுத்தேடுகளுக்கு யாது செய்வது? திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டார். அவர் சென்னையிலே பழஞ்சுவடிகளின் நடுவே பணிபுரிந்தவர். அவரைப்போல் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சுவடிகளின் நடுவே அமர்ந்து எழுதியிருக்கக்கூடிய நாவல்களும் அன்றிரவு எரிந்தன.

கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி யாரும் கட்டணமின்றி வாசிக்குமாறு வைக்கும் பணியை நம் இளைஞர்கள் செய்துவருகிறார்கள். தோட்டத்து வரம்பில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பழைய இதழொன்றைத் திறந்து வாசிக்கலாம். ஆயினும் அதனை நாடிப் போகிறவர் தொகை, கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையை நாடுகிறவர் தொகையைவிடக் குறைவென்றே அஞ்சுகிறோம். (சிரிப்பு)

பெரியோர்களே, நேரமாகிவிட்டது, இன்னும் இசைக்கச்சேரி இருக்கிறது. வெறுங்கையோடு வரவில்லை. மூன்று நூல்கள் கொண்டுவந்திருக்கின்றோம். ஒன்று தேசவழமை, ஓரத்திலே நம் பென்சிற் குறிப்புகள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று கிராமப் பிறழ்வு. மூன்றாவது கோப்செக், அது ஆங்கிலத்தில் இருப்பதால், இவ்வூர் ஆங்கில ஆசிரியர் வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்து தமிழிற் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கடன் கொடுத்தவரின் பேச்சை எப்படித் திருத்துவது என்று அந்த மாலைகளில் நம் தம்பி அவரைக் கேட்கலாம். செயற்குழுவினருக்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இவற்றை அலுமாரியிலே பூட்டி வைக்கலாகாது. இரவல் கேட்டு வருபவர் எந்தத் தெருவினர், எவர் வீட்டுப் பிள்ளை என்று இரவற் பதிவேட்டில் எழுதும் பழக்கம் இருந்தால், அந்தப் பத்தியை இன்றோடு கோடிட்டு அடித்துவிட வேண்டும்.